ஒப்பாரிக்குப் பதில்

பொட்டிப்புரம்
9.5.2025

அண்ணனுக்கு,

உன் நம்பரை நான் பிளாக் செய்திருக்கிறேன். கை தவறி ஆனது என்று நினைத்துக்கொள்ளாதே, தெரிந்துதான் செய்தேன். போனில் பேசினால் நீ பேசிப் பேசியே ஜெயித்துவிடுவாய். நான் என்ன கேட்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோகும். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே தையல் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, தேவாரம் போஸ்டாபீஸில் கவர் வாங்கி வந்து எழுதுகிறேன்.

உன் தம்பி அஜய்குமார் செத்து வருசம் கழிந்து வரும் முதல் சாமி கும்பிடு இது. துக்கவீடு என்பதால் போன வருசம் முழுக்க அம்மா ஒரு நல்ல காரியத்துக்கும் போகவில்லை. இந்த வருசம் முளைப்பாரி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பது என்றைக்கும் அவள்தானே. அவள் முதல் அடியை எடுத்துவிட்டால்தான் மற்றப் பெண்கள் கை தட்டுவார்கள். ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியதும் தலைக்குக் குளித்து, நான் தைத்த புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு முளைப்பாரி வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

வாசலிலேயே பிச்சைமணி மாமாவின் சம்சாரம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "மதினி, ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக. இந்த வருசம் ஓரமா உக்காந்து பாருங்க. எம் மருமக முழுகாம இருக்கா. ஊரு பூராவும் அந்தப் பாட்டச் செல்லுல கேட்டுட்டாக. நீங்க வாயத் தொறந்தாலே எல்லாத்துக்கும் எழவு ஞாபகம் வருது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே அழுதார்.

அம்மா ஓரமாகக்கூட உட்காரவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, அந்த ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை. குலவை போடச் சொன்னால்கூட உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

இது யார் செய்த வேலை? போடிமெட்டுப் பள்ளத்தில் ஜீப்போடு விழுந்தவனைக் கொண்டுவந்து பந்தலில் கிடத்தியபோது அம்மா ஒப்பாரி பாடினாள். நீ போனில் பிடித்தாய். தம்பி ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். அதைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூரில் ஒரு ஹாலில், இசையும் தத்துவமும் என்று நீ பேசிய கூட்டத்தில் போட்டிருக்கிறாய். அந்தக் கூட்டத்து வீடியோ இப்போது எல்லோர் செல்லிலும் சுற்றுகிறது, அதன் கடைசியில் கை தட்டுகிறார்கள். அம்மா அழுததற்குக் கை தட்டுகிறார்கள் அண்ணே!

காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடு, வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு எங்கள் அம்மாவின் வயிற்றெரிச்சல்தானா கிடைத்தது உனக்கு? அந்த வீடியோவை எடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடு.

ராமுத்தாய்


கோயம்புத்தூர்
15.5.2025

அன்புள்ள ராமு,

"எங்கள் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். அவள் எனக்கும் அம்மாதான். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

முளைப்பாரி வீட்டில் நடந்ததைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உன்னைப் போலத் தப்பான ஆள்மேல் வரவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் "மாயக்காளக் கூப்பிடுங்க" என்று ஆள் அனுப்புவது இதே பெண்கள்தானே? அவர்கள் வீட்டுப் பிணத்துக்கு அம்மாவின் குரல் வேண்டும், அவர்கள் வீட்டு மருமகளுக்கு ஆகாது. இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்காமல் என்னிடம் சண்டைக்கு வருகிறாய்.

நான் என்ன செய்தேன் என்பதைப் பொறுமையாகக் கேள். துக்கம் என்றால் என்ன, சாவை மனிதன் எப்படித் தாங்குகிறான் என்று பெரிய பெரிய புத்தகங்களை வைத்துப் பாடம் நடத்துகிறவன் நான். அஜய் செத்த அன்று அதில் ஒரு வரிகூட எனக்குக் கைகொடுக்கவில்லை. அம்மா பாடியபோதுதான் ஒன்று புரிந்தது. அழுதால் மூச்சு சிதறும். பாட வேண்டுமென்றால் மூச்சை அளக்க வேண்டும். தாங்கவே முடியாத ஒன்றின் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி தன் மூச்சை அளந்து அளந்து விடுகிறாள். இதற்குமேல் தத்துவம் என்று தனியாக ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துக்கத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. அது பாட்டானதும் அந்தச் சொந்தம் விட்டுப்போகிறது, யார் வேண்டுமானாலும் அதில் இறங்கிக் குளிக்கலாம். அன்றைக்கு ஹாலில் நான் சொன்னது இதைத்தான்.

கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மகன் போன நாளிலிருந்து இன்றைக்குத்தான் சார் எனக்கு அழுகை வந்தது என்றார். அதை வீடியோவில் யாரும் காட்டவில்லை. அவரிடம் போய், இது எங்கள் அம்மாவின் வயிற்றெரிச்சல், நீங்கள் அழக்கூடாது என்று சொல்லச் சொல்கிறாயா?

இன்னொரு சேதி. அந்தக் கூட்டத்தை நடத்திய வாசகர் வட்டத்துக்காரர்கள் ஆகஸ்டில் பெரிய விழா நடத்துகிறார்கள். அம்மாவை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும், அவள் வாயாலேயே அதைப் பாடிக் கேட்க வேண்டும் என்கிறார்கள். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். ஊர் ஓரமாக உட்கார் என்று சொன்னவளை இங்கே நடுமேடையில் உட்காரவைக்கப் போகிறார்கள். அவளிடம் எடுத்துச் சொல். வேண்டாம் என்றால் அதை அவள் வாயால் சொல்லட்டும், உன் வாயால் வேண்டாம்.

நம்பரைத் திறந்துவிடு. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா?

கர்ணன்


பொட்டிப்புரம்
21.5.2025

அண்ணனுக்கு,

மேடையில் பாடவா? எந்தப் பிணத்தை முன்னால் கிடத்தப் போகிறீர்கள்?

நீ இந்த ஊரில்தான் பிறந்தாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சாவு விழாத வீட்டில் யாராவது ஒப்பாரியை முணுமுணுத்தாலே, "ஏலே, யார வாரிக் குடுக்கப் பாக்குற?" என்று வாயிலேயே போடுவார்கள். சின்னப் பிள்ளையில் நான் விளையாட்டுக்கு மார்பில் அடித்துக்கொண்டு பாடியதற்கு அம்மா சூடு போட வந்தது உனக்கு மறந்துவிட்டது. பிணம் எடுத்ததும் அந்தப் பாட்டு அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஒருதரம் பாடியதை அடுத்த சாவில் அப்படியே பாட மாட்டார்கள். கும்மி வேறு, இது வேறு. அம்மாவுக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் இத்தனை வருசமாக அவள் இழவு வீட்டில் பாடிவிட்டு வந்து குளித்துவிட்டு, மறுவாரம் முளைப்பாரி வீட்டிலும் பாடினாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ அந்தப் பாட்டைச் செல்லில் அடைத்து ஊரெல்லாம் அலையவிட்டாய். இப்போது அதை எந்தத் தண்ணீரில் குளித்துக் கழிப்பது?

போன மாசம் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். தேவாரத்தில் நத்தர்ஷா பாய் சவ வண்டி ஓட்டுகிறார். எந்தச் சாதிப் பிணம் என்றாலும் அவர் வண்டிதான் வரும். அதில் மைக் செட் வைத்திருக்கிறார். ரோட்டில் வண்டி வருகிறது, அம்மா ஜீப்புக்காக நிற்கிறாள். வண்டிக்குள்ளிருந்து அவள் குரல். "நான் பெத்த மகனே" என்று யாரோ ஒரு கிழவர் பிணத்துக்கு அவள் அழுதுகொண்டு போகிறாள். அம்மா அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். கூட நின்ற பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கிவிட்டார்கள்.

பாய்க்கு அது யார் குரல் என்று தெரியாது. தெரிந்ததும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஆத்தா, அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது. அஜய் எங்கூட டீ குடிச்ச பய. மன்னிச்சிருங்க" என்று வாசலில் நின்று அழித்துக் காட்டிவிட்டுப் போனார். அந்நியர் அவர். ஒரு வார்த்தையில் எடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையிடம் நான் கவர் வாங்கி ஒட்டி மன்றாட வேண்டியிருக்கிறது.

மூச்சை அளந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அண்ணே, அன்றைக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அவள் நகம் என் தோளில் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் எதையும் அளக்கவில்லை. நீ தள்ளி நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்கு அளவாகத் தெரிந்தது.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அந்த வீடியோவை முழுதாகக் கேட்டேன்.

போடிமெட்டு ஏறையில பொலபொலன்னு பனி பெய்ய
பாத மறஞ்சதென்ன, நான் பெத்த மகனே
பாவி மொகம் மறந்ததென்ன

இது இருக்கிறது. அதற்கடுத்து ஒரு தாவல். அதற்கப்புறம் கட்டிலைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் பாடியது வருகிறது. நடுவில் இருந்தது எங்கே? நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

ஏட்டப் புடிச்ச மகன் எட்டூரு தாண்டிப் போனான்
ஸ்டேரிங்கப் புடிச்ச மகன் திரும்பி வரலையே
ஒருத்தன் படிக்கன்னு ஒருத்தன் ஒழச்சானே, என் கர்ணா
படிச்ச கண்ணுக்குத் தம்பி தெரியலையே

இந்த நாலு வரிக்கு மேலும் உன் பேரைச் சொல்லி அவள் பாடினாள். எனக்கு மிச்சம் ஞாபகம் இல்லை, அவளைப் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய பாடாக இருந்தது. உன் பேர் வந்த இடத்தைக் கத்தரித்துவிட்டு, பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்று மேடையில் பேசியிருக்கிறாய். நல்ல தத்துவம்!

ராமுத்தாய்


கோயம்புத்தூர்
28.5.2025

ராமு,

ஆமாம், வெட்டினேன். என் பேரைச் சொல்லி என்னைக் குற்றவாளியாக்கும் வரிகளை முந்நூறு பேருக்கு முன்னால் நானே போட்டுக் காட்ட வேண்டுமா? அதைத்தான் நியாயம் என்கிறாயா?

நீ அம்மாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் எங்கே நின்றேன் தெரியுமா? பந்தல் காலுக்குப் பக்கத்தில். என் பேர் வந்ததும் மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்த்தது. பிச்சைமணி மாமா பார்த்தார். எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் பார்த்தார். அஜய்யோடு ஜீப் ஓட்டுகிற பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒப்பாரியில் பேர் சொல்லிக் கேட்டால் கேட்கப்பட்டவன் வாய் திறக்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். உனக்குத் தெரிந்த அந்த வழக்கம் எனக்கும் தெரியும். கோர்ட்டில்கூட எதிராளிக்குப் பேச நேரம் கொடுக்கிறார்கள். ஒப்பாரியில் கிடையாது. பிணத்தை எடுத்ததும் பாட்டு அங்கேயே முடிந்துவிடும் என்கிறாய். யாருக்கு முடிந்தது? பாடியவளுக்கு முடிந்திருக்கலாம்.

அவன் பிளஸ் டூ முடித்ததும் காலேஜில் சேரச் சொல்லி போடிக்கு வந்து பாரம் வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் அதை ஜீப்புக்குள்ளேயே போட்டு வைத்திருந்தான். ஸ்டேரிங்கைத் தொட்டால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். "அண்ணே, பனியில லைட்டப் போட்டுக்கிட்டு ஏறுறப்ப சாமி கும்பிடுற மாதிரி இருக்குண்ணே" என்பான். அப்படிப்பட்டவனை எனக்காக உழைத்து மாண்டவன் என்று அம்மா பாடிவிட்டாள். அது உண்மை இல்லை. பாட்டு என்றால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நான் சொல்வதைத்தான் யாரும் நம்ப வேண்டாம், பேசியே ஜெயிக்கிறவன் ஆயிற்றே.

சரி, நான் பதில் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே இடம் வகுப்பும் மேடையும்தான். சொன்னேன். என் தம்பி சாவைப் பற்றி நான் கௌரவமாகப் பேசினேன். அந்தப் பாட்டிலிருந்த சில்லறைக் குடும்பச் சண்டையை எடுத்துவிட்ட பிறகுதான் அது எல்லோருக்குமான பாட்டானது. அந்தப் பெரியவர் தன் மகனுக்காக அழ முடிந்தது அதனால்தான். என் பேர் அதில் இருந்திருந்தால் அவர் என்னை வேடிக்கை பார்த்திருப்பார்.

அப்பா எஸ்டேட் காவலிலிருந்து மாசம் ஒருதரம் இறங்குகிறார், வாய் திறப்பதில்லை. நீ நம்பரை அடைத்துவிட்டாய். ஜூன் முதல் வாரம் லீவு. நானே வந்து அம்மாவிடம் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

கர்ணன்


பொட்டிப்புரம்
16.6.2025

அண்ணனுக்கு,

நீ வந்தாய். போனாய். ஊரில் இப்போது எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேச இன்னும் ஒரு விஷயம் கூடியிருக்கிறது.

உன்னை யார் பிச்சைமணி மாமா வீட்டுக்குப் போகச் சொன்னது? அவர் வாசலில் நின்று மூடநம்பிக்கை, காட்டுமிராண்டித்தனம் என்று கிளாஸ் எடுத்தாயே, அந்த மருமகள் பிள்ளையாண்டிருப்பவள், ஜன்னலுக்குள் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாளைக்கு ஒன்று ஆனால் அதற்கும் அம்மாதான் காரணம் என்று சொல்வார்கள். அத்தை மறுநாள் என் கடைக்கு வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் தைக்காமலே வாங்கிக்கொண்டு போனார். "ஒங்க அண்ணன் படிச்சவுகதான், இல்லங்கல. படிச்சவுக இப்படியா பேசுவாக?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

அம்மாவிடமும் நீ கேட்டுவிட்டாய். மேடை, பொன்னாடை, பேப்பரில் போட்டோ எல்லாம் சொன்னாய். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அங்கன யாருய்யா செத்தாக?" என்றாள். கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினாய். வைத்த கறிச்சோற்றைக்கூடத் தொடவில்லை. அதை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த அப்பாவும் தொடவில்லை.

பஸ் ஏறிவிட்டாய், அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் வந்து, அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். இதுவரை அவளே கேட்டதில்லை. வேண்டாம்மா என்றேன், போடுடி என்றாள். வீட்டுக்குள் போடக் கூடாது என்று சொல்லி, கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். முழுதாகக் கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னொருதரம் போடு என்றாள். போட்டேன்.

"நல்லாத்தான் பாடியிருக்கா. யாரு இவ?" என்றாள்.

நான் பயந்துபோனேன். புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். நீதானம்மா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் ரெண்டு மகன முன்னால வச்சு அழுதேன். செத்தவனக் கொஞ்சுனேன், இருக்கறவன வஞ்சேன். இதுல ஒருத்தன்தான் இருக்கான். இது நான் பாடுனது இல்ல."

நீ அவளைத் திட்டினாயே, பதில் சொல்ல விடவில்லை என்று. நானும் அதைக் கேட்டுவிட்டேன், உனக்காகத்தான் கேட்டேன். ஏம்மா ஊர் பார்க்க அண்ணனை அப்படிச் சொன்னாய் என்றேன். "வேற யார வைய? செத்தவன வைய முடியுமா? ஒங்கப்பன வஞ்சா காதுல வாங்குவாரா? எம் புள்ளன்னு உரிமையா வையறதுக்கு எனக்கு அவன்தானடி மிச்சம். பதில் சொல்லணும்னு யாரு கேட்டா? பக்கத்துல வந்து எங்கையப் புடிச்சிருந்தா முடிஞ்சுபோச்சு. அவன் செல்லப் புடிச்சுக்கிட்டு நின்னான்" என்றாள்.

அண்ணே, எனக்கு உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு அது இல்லை, அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. அவளுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வெட்டிய பகுதியை அனுப்பச் சொல்கிறாள். அதைக் கேட்டால்தான் அது தன் குரல் என்று அவளுக்குப் படுமாம். அதுவரை நான் எதுக்குப் பாட, யார் குரலில் பாட என்கிறாள். நாங்கள் கேட்டு நீ எதையும் செய்ததில்லை. இதையாவது செய். கடை நம்பருக்கு அனுப்பு, அதை நான் பிளாக் செய்யவில்லை.

ராமுத்தாய்


கோயம்புத்தூர்
23.6.2025

ராமு,

வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் விழாவுக்கு அம்மா வர மாட்டாள் என்றும் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே எத்தனை பேர் போனில் போயிருக்கிறதோ அதை நானோ நீயோ பிடிக்க முடியாது.

அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்டிய அன்றைக்கே அதை அழித்துவிட்டேன். முழுப் பதிவையும் அழித்துவிட்டேன், வெட்டிய பிறகு மிஞ்சிய பாட்டு மட்டும்தான் இருக்கிறது. பழைய போன், லேப்டாப், எல்லாவற்றிலும் தேடிவிட்டேன். ரிப்பேர் கடையில் கொடுத்தும் பார்த்தேன். இல்லை.

திட்டுவதற்கு வசதியாக இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வரிகள் எனக்குத் தெரியும். நீ எழுதிய நாலு வரி மட்டும் இல்லை, உனக்கு ஞாபகம் இல்லாத மிச்சமும் தெரியும். எங்கே மூச்சு விட்டாள், எங்கே உன் தோளில் சாய்ந்து குரல் அமுங்கியது, எல்லாம் தெரியும். அழித்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். கிளாஸ் எடுக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பல் தேய்க்கும்போது அதுதான் ஓடுகிறது. பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். இந்த வரிகளுக்கு என்னைத் தவிர வேறு ஆளே கிடையாது. வேறு யார் கேட்டாலும் அதில் ஒன்றும் இல்லை.

இதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. தேடவும் பிடிக்கவில்லை.

எனக்கு அவள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது ராமு. அஜய் எனக்காகச் சாகவில்லை. அதை நான் எங்கேயும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் "ஒருத்தன்தான் இருக்கான்" என்று அவள் சொன்னதைப் படித்துவிட்டு இங்கே என்னால் உட்கார முடியவில்லை. கையைப் பிடித்திருந்தால் முடிந்துபோயிருக்கும் என்கிறாள். அதை அன்றைக்கு ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பந்தலில் ஆம்பிளைகள் நிற்கும் பக்கம் அப்படி ஒரு வழி இருப்பதாக யாருக்குமே தெரியாது.

ஆம்பிளை ஒப்பாரி பாடினால் ஊர் சிரிக்கும். எனக்குக் குரலும் கிடையாது. ஆனாலும் அவளுக்கு அது வேண்டுமென்றால், என்னைத் தவிர அதை வைத்திருப்பவர் யாரும் இல்லை. வந்து சொல்லட்டுமா? எங்கே வைத்துச் சொல்வது? வீட்டுக்குள் கூடாது என்று உனக்குத் தெரியும்.

கர்ணன்


பொட்டிப்புரம்
30.6.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழித்துவிட்டான் என்ற இடத்தில் நானே கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கத்தவில்லை. மிச்சத்தையும் வாசிடி என்றாள். வாசித்து முடித்ததும், "எங்கன வச்சுப் பாடுனா எவளுக்கும் ஆகாதுன்னு சொல்ல முடியாதோ, அங்கன போவோம்" என்றாள்.

அஜய்யைப் புதைத்த இடத்தைச் சொல்கிறாள். அங்கே பெண்கள் போகக் கூடாது என்று அப்பா சொன்னார். அவர் வாயைத் திறந்ததே அதிசயம். "எம் புள்ள அங்கன போகலாம், நான் போகக் கூடாதா? பொம்பளைக்கு ஆகாதுன்னா எம் பாட்டுக்கும்தான் ஊருக்குள்ள ஆகலேன்னு சொல்லிட்டாகளே" என்று எகிறிவிட்டாள். ஊரில் என்ன சொல்வார்களோ தெரியாது. இனிமேல் சொல்ல என்ன பாக்கி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப் இல்லை, அம்மாவுக்கு வேலை கிடையாது, அன்றைக்குப் போகலாம். சனிக்கிழமையே வந்துவிடு. பிச்சைமணி மாமா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதே. வழியில் யாரிடமும் எதற்கும் விளக்கம் சொல்லாதே. அம்மாவிடமும் அஜய் எப்படி, நீ எப்படி என்று நியாயம் பேச ஆரம்பிக்காதே. பேசினால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், அண்ணன் என்றுகூடப் பார்க்க மாட்டேன். உன் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது.

தாளில் எழுதிக்கொண்டு வராதே. அவள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அவளை இந்தத் தடவை நீ பிடித்துக்கொள். உன் பேர் வரும் இடத்தில் நிறுத்தாமல் பாடு.

ஒரு வரியை விட்டாலும் அம்மாவுக்குத் தெரியும்.

ராமுத்தாய்